பல் அடைப்பில் கிருமிநாசினி கலந்தால் வலிமை குறையுமா?

திருகோணமலையில் ஒரு பல் வைத்தியரின் வாசலில் அரை மணி நேரம் காத்திருந்தால், பல் அடைப்பதைப் பற்றி இரண்டு விதமான தீர்ப்புக் காதில் விழும். "மருந்து கலந்து அடைச்சா இனி அந்தப் பல்லிலை சூத்தை பிடிக்காது" என்பது ஒன்று. "மருந்து கலந்த அடைப்பு நிக்காது, கெதியிலை கழண்டு போயிடும்" என்பது மற்றொன்று. இரண்டிலும் சிறிது உண்மை இருக்கிறது என்பதால்தான் இரண்டும் இத்தனை காலம் நின்று பிடித்திருக்கின்றன. ஆயினும் இரண்டையும் சொல்பவர்கள் "மருந்து" என்ற சொல்லையும் "வலிமை" என்ற சொல்லையும் ஒவ்வொரு பொருளுக்கு மட்டுமே உரியவை போலக் கையாளுகிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் "மருந்து" என்ற சொல்லைத் தெளிவாக்கிக் கொள்வோம். வலி தணியக் கராம்புத் தைலம் சேர்ந்த பசையைக் குழியில் வைத்துச் சில வாரங்களுக்கு மூடிவிடுவதையும் நாம் மருந்து வைத்தல் என்றே சொல்கிறோம். அது தற்காலிக அடைப்பு. இக்கட்டுரை பேசுவது, நிரந்தரமாக வைக்கப்படும் அடைபொருளுக்குள்ளேயே நுண்ணங்கிகளைக் கொல்லும் அல்லது அவற்றின் பெருக்கத்தைத் தடுக்கும் ஒரு பொருளைக் கலப்பதைப் பற்றியது. அத்தகைய பொருளை இனிக் கிருமிநாசினி என்றே குறிப்பிடுவோம்.

அடைத்த பல்லில் மீண்டும் சூத்தை ஏன்?

காலையில் பல் தீட்டுவதற்கு முன் நாக்கால் பற்களைத் தடவினால் ஒரு வழவழப்புத் தெரியும். அது பற்றீரியாக்கள் கூட்டமாக ஒட்டி வாழும் பற்படலம். நாம் உண்ணும் சீனியையும் மாப்பொருளையும் இப்பற்றீரியாக்கள் அமிலமாக மாற்றுகின்றன. படலத்தின் பிஎச் பெறுமானம் (இது குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) ஏறத்தாழ 5.5 இற்குக் கீழே இறங்கும்போது, பல்லின் வெளிப்புறக் கடினப் படையாகிய மிளிரியிலிருந்து கல்சியமும் பொசுபேற்றும் கரைந்து வெளியேறத் தொடங்கும். உமிழ்நீர் அந்த அமிலத்தைத் தணித்து, இழந்த கனியுப்பில் ஒரு பகுதியைத் திரும்பச் சேர்க்கும். இழப்பு சேர்ப்பை மிஞ்சிக்கொண்டே போனால் குழி விழும்.

குழியைச் சுத்தம் செய்து அடைத்துவிட்டால் கதை முடிந்தது என்றுதான் நாம் நினைக்கிறோம். வாடைக்காற்றோடு வரும் மாரி மழையில் வீட்டுக்குள் நீர் எவ்வழியாக வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். சுவரைத் துளைத்துக்கொண்டு அது வருவதில்லை. யன்னல் சட்டமும் சுவரும் சந்திக்கும் கீற்றினூடாகவே கசிகிறது. அடைப்பும் பல்லும் சந்திக்கும் விளிம்பு அத்தகைய கீற்று. அடைபொருள் இறுகும்போது சற்றுச் சுருங்கலாம். சூடும் குளிரும் மாறி மாறிப் படும்போது பல்லும் அடைப்பும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்கலாம். அந்த நுண்ணிய வெளியில் பற்படலம் குடியேறினால், அடைப்பின் ஓரத்தில் புதிய சிதைவு தொடங்கும். இதனை இரண்டாம் நிலைச் சிதைவு என்பர். அடைப்புகளை அகற்றி மீண்டும் அடைக்க வேண்டிவரும் முதன்மையான காரணங்களில் இதுவும் ஒன்று. அடைப்பு உடைந்துபோவது இன்னொன்று.

ஆகவே நல்ல அடைப்பு ஒன்று ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளைச் செய்ய வேண்டியிருக்கிறது: விளிம்பில் கிருமியை அண்டவிடாதிருத்தல், கடிக்கும் பாரத்தைத் தாங்குதல். முதல் வேலைக்காகச் சேர்க்கும் பொருள் இரண்டாவது வேலையைக் கெடுக்குமா என்பதே கேள்வி.

அடைபொருள் இறுகும் விதம்

இப்போது பெரிதும் பயன்படுபவை இரண்டு வகை. ஒன்று கொம்பொசிற்: பிசின் போன்ற திரவத்தில் நுண்ணிய கண்ணாடித் துகள்கள் நிரப்பப்பட்ட பசை, நீல ஒளி பட்டதும் பிசினின் சிறு மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகளாகப் பிணைந்து கடினமாகும். மற்றையது கிளாஸ் அயனோமர் சீமெந்து. (இரசம் சேர்ந்த கறுப்பு அடைப்பாகிய அமல்கம், இரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் 2013 இன் மினமாட்டா உடன்படிக்கைக்குப் பின் பல நாடுகளில் பின்வாங்கி வருகிறது, அதை இங்கே விட்டுவிடுவோம்.)

கிளாஸ் அயனோமர் சீமெந்தை ஆலன் வில்சனும் பிரையன் கென்ற்றும் லண்டனில் உருவாக்கி 1970களின் தொடக்கத்தில் அறிமுகப்படுத்தினார்கள். புளோரைட்டு அடங்கிய ஒருவகைக் கண்ணாடித் தூளையும், நீண்ட சங்கிலி மூலக்கூறுகளைக் கொண்ட அமிலக் கரைசலையும் குழைத்தால் அது இறுகும். உள்ளே நடப்பதை ஒரு மீன்வலையாகக் கற்பனை செய்யலாம். அமிலச் சங்கிலிகள் நூல்கள். அமிலம் கண்ணாடித் தூளின் மேற்பரப்பைத் தாக்கும்போது கல்சியம், அலுமினியம் ஆகியவற்றின் அயன்கள், அதாவது மின்னேற்றம் கொண்ட துணிக்கைகள், வெளிவருகின்றன. நேர் ஏற்றம் கொண்ட இவை, நூல்களிலுள்ள எதிர் ஏற்றம் கொண்ட இடங்களைப் பற்றி அருகருகே உள்ள நூல்களைச் சேர்த்துக் கட்டும் முடிச்சுகள் ஆகின்றன. கல்சிய முடிச்சுகள் சில நிமிடங்களிலேயே விழுந்துவிடும். அலுமினிய முடிச்சுகள் தாமதமாகவும் உறுதியாகவும் விழும். அடைப்பு முதல் நாளில் இருப்பதைவிடப் பிந்திய நாட்களில் வலிமை கூடிக் காணப்படுவது இதனால்தான்.

எந்த வலிமை?

"வலிமை குறைந்துவிட்டது" என்று ஒருவர் சொன்னால், எந்த வலிமை என்று திருப்பிக் கேட்க வேண்டும். பள்ளிக்கூட வெண்கட்டி ஒன்றை மேசையில் செங்குத்தாக நிறுத்தி மேலிருந்து அழுத்திப் பாருங்கள், நன்றாகத் தாங்கும். அதே வெண்கட்டியின் இரு முனைகளையும் பிடித்து வளைத்தால் விரலின் சிறு பலத்திலேயே முறிந்துவிடும். முதலாவதை எதிர்க்கும் திறன் அமுக்க வலிமை. இரண்டாவதை எதிர்க்கும் திறன் வளைவு வலிமை. மேற்பரப்பில் கீறல் விழாதிருப்பது கடினத்தன்மை. ஒரு பொருளில் இவை மூன்றும் ஒன்றாகக் கூடவோ குறையவோ வேண்டும் என்பதில்லை.

ஆய்வுகளில் அதிகம் பேசப்படுவது அமுக்க வலிமை. நிரந்தர அடைப்புக்குரிய கிளாஸ் அயனோமர் சீமெந்துக்கு அனைத்துலகத் தர நியமம் விதிக்கும் குறைந்தபட்சம் 100 மெகாபஸ்கால். 4 மில்லிமீற்றர் விட்டமும் 6 மில்லிமீற்றர் உயரமும் கொண்ட சிறு உருளை ஒன்றை வார்த்து, 37 பாகை செல்சியஸில் ஒரு நாள் வைத்திருந்து, பின்னர் நசுக்கிப் பார்ப்பார்கள். 1 மெகாபஸ்கால் என்பது ஒரு சதுர மில்லிமீற்றருக்கு 1 நியூற்றன் விசை. உருளையின் குறுக்குவெட்டுப் பரப்பு ஏறத்தாழ 12.6 சதுர மில்லிமீற்றர். எனவே அது உடையாமல் தாங்க வேண்டியது சுமார் 1,260 நியூற்றன், அதாவது 128 கிலோ அளவான பாரம். பென்சிலைவிட மெல்லிய ஒரு துண்டின் மேல் இரண்டரைச் சீமெந்து மூடையை ஏற்றி வைத்ததற்குச் சமம் இது.

இவ்வளவு தாங்கும் பொருள் வாயில் ஏன் உடைகிறது? வாய் அந்தச் சோதனை இயந்திரத்தைப் போல நேராக மட்டும் அழுத்துவதில்லை. மீன் முள் ஒன்று விளிம்பில் அகப்படும்போதும், முறுக்கைக் கடைவாயால் பக்கவாட்டில் நொறுக்கும்போதும், அடைப்பு வளைக்கப்படுகிறது. அதுவும் ஒரு முறை அல்ல, நாளுக்குப் பல நூறு முறை. வெண்கட்டியைப் போலக் கிளாஸ் அயனோமரும் அமுக்கத்துக்கு வலியது, வளைவுக்கு மெலிந்தது. அதனால்தான் அமுக்க வலிமை எண்ணை மட்டும் காட்டி "கிருமிநாசினி கலந்தும் வலிமை குறையவில்லை" என்று எழுதப்பட்டிருப்பதைக் காணும்போது எனக்கு முழு நம்பிக்கை வருவதில்லை.

சுருங்கச் சொன்னால், இதுவரை பார்த்தவை மூன்று: அடைப்பின் பலவீனமான இடம் அதன் விளிம்பு, கிளாஸ் அயனோமரின் உறுதி அதன் உள்முடிச்சுகளில் தங்கியுள்ளது, வலிமை பல வகைப்படும்.

கலந்த பின் உள்ளே நடப்பவை

கிருமிநாசினி ஒன்று அடைபொருளை மூன்று வழிகளில் மெலிவாக்கலாம். முதலாவது, இடத்தைப் பிடித்துக்கொள்வது. தேங்காய்ப்பூ கலந்து ரொட்டி சுடுவோருக்கு இது தெரியும். தேங்காய்ப்பூ ஓர் அளவு வரை ரொட்டியைக் கெடுப்பதில்லை. அளவு மிஞ்சினால் தட்டும்போதே ஓரம் வெடிக்கும், தாச்சியில் திருப்பும்போது பிளக்கும். மாவும் நீரும் ஒன்றையொன்று பற்றும் வேலையில் தேங்காய்ப்பூவுக்குப் பங்கில்லை. பற்றுகின்ற இடத்தில் அது வெறுமனே குந்தியிருக்கிறது. அடைபொருளோடு இரசாயன ரீதியாகப் பிணையாத எந்தத் தூளும் இப்படியே.

இரண்டாவது வழி, இறுகும் வேலையிலேயே குறுக்கிடுவது. வாய் கொப்பளிக்கும் மருந்துகளில் உள்ள குளோர்ஹெக்சிடினை எடுத்துக்கொள்வோம். கிளாஸ் அயனோமரோடு கலந்து அதிகம் ஆராயப்பட்ட கிருமிநாசினிகளில் இது ஒன்று. குளோர்ஹெக்சிடின் மூலக்கூறு நேர் ஏற்றம் கொண்டது. எதிர் ஏற்றம் கொண்ட பற்றீரியாவின் வெளிப்படலத்தில் ஒட்டி, அதைக் கிழித்து, உள்ளிருப்பதை வெளியே கசியவிடுவதே அது கொல்லும் முறை. ஆனால் மேலே சொன்ன வலையின் நூல்களும் எதிர் ஏற்றம் கொண்டவைதானே? எந்த ஈர்ப்பால் அது பற்றீரியாவைப் பிடிக்கிறதோ, அதே ஈர்ப்பால் நூலையும் பிடித்து, முடிச்சு விழவேண்டிய இடத்தில் தான் அமர்ந்துகொள்ளக்கூடும். கிருமியைக் கொல்லும் குணமும் சீமெந்தை மெலிவாக்கும் குணமும் இங்கே ஒரே குணம். இந்த விடயத்தில் என்னை மிகவும் கவர்ந்த இடம் இதுதான்.

கராம்புத் தைலத்திலும் இதே இரட்டைக் குணம் உண்டு. அதிலுள்ள யூஜினோல் கிருமிக்கு எதிரானது, வலியையும் தணிக்கும். ஆனால் கொம்பொசிற்றின் மூலக்கூறுகள் சங்கிலியாகச் சேர்வதை அது இடைமறித்துவிடும். தற்காலிக அடைப்பின் மிச்சம் குழியில் சரியாக அகற்றப்படாமல் இருக்க, அதன்மேல் கொம்பொசிற் வைத்தால், தொடும் பகுதி முழுமையாக இறுகாமற் போகலாம். வேறொரு இடத்தில் தற்காலிக அடைப்புச் செய்துகொண்டு வருபவர்கள், எங்கே எப்போது செய்தது என்பதைப் புதிய வைத்தியரிடம் சொல்லிவிடுவது இதற்காகவே நல்லது.

மூன்றாவது வழி, வெளியேறிப் போவது. சீனக்குடாவில் சீமெந்து ஆலையே இருக்கும் ஊரில் இதற்கு அதிக விளக்கம் வேண்டியதில்லை. கொங்கிரீற் குழைக்கும்போது வேலை இலகுவாகட்டும் என்று மேலும் ஒரு வாளி தண்ணீர் ஊற்ற நல்ல மேசன் விடமாட்டார். அந்த மேலதிக நீர் பின்னர் மெல்ல வெளியேறும். அது இருந்த இடங்கள் நுண்துளைகளாக நிற்கும். துளைகளிலிருந்தே வெடிப்புத் தொடங்கும். அடைப்பிலிருந்து கசிந்து வெளியேறும் கிருமிநாசினியும் இதையே செய்கிறது. வேலை செய்வதற்கு அது வெளியே வந்தாக வேண்டும். வெளியே வந்தால் தன் இடத்தில் வெறுமையை விட்டுவிட்டு வருகிறது. போதாததற்கு, இந்தக் கசிவு சீராக நடப்பதில்லை. முதற் சில நாட்களில் பெருமளவு வெளியேறி, பின்னர் ஒழுகல் வெகுவாகக் குறைந்துவிடும். ஆண்டுக்கணக்கில் நிற்க வேண்டிய துளைகளுக்கு ஈடாக நமக்குக் கிடைப்பது நாட்கணக்கான அல்லது வாரக்கணக்கான பாதுகாப்பு.

வெளியேறும் எல்லாம் மெலிவாக்கும் என்றும் முடிவு கட்டிவிடக்கூடாது. கிளாஸ் அயனோமரிலிருந்து இயல்பாகவே புளோரைட்டு வெளியேறிக்கொண்டிருக்கிறது. நூல்களைக் கட்டும் முடிச்சில் புளோரைட்டுக்குப் பங்கில்லாததால், அது போவதால் வலை அவிழ்வதில்லை. பற்பசையிலுள்ள புளோரைட்டை மீண்டும் உள்ளே எடுத்துக்கொள்ளவும் அச்சீமெந்தால் முடியும்.

1 சதவீதமும் 2 சதவீதமும்

அளவு என்ன செய்யும் என்பதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு 2006 இல் வெளிவந்த ஓர் ஆய்வு. ஜப்பானிய ஆய்வாளரான இமசாற்றோவும் அவருடன் பணியாற்றியோரும் கிளாஸ் அயனோமர் சீமெந்தில் வெவ்வேறு அளவுகளில் குளோர்ஹெக்சிடின் உப்புகளைக் கலந்து பார்த்தார்கள். கலந்தவை யாவும் பற்றீரியாக்களைத் தடுத்தன. ஆனால் 2 சதவீதமும் அதற்கு மேலும் கலந்தபோது ஒரு நாள் கழித்து அளந்த அமுக்க வலிமை குறைந்தது. சீமெந்து இறுகும் நேரமும் நீண்டது. அவ்வுப்புகளில் ஒன்றான குளோர்ஹெக்சிடின் டயசிற்றேற்றை 1 சதவீதம் கலப்பதே பொருத்தமான அளவு என்று அவர்கள் முடிவு செய்தார்கள். 1 இற்கும் 2 இற்கும் இடையில் இருக்கும் அந்தச் சின்ன இடைவெளியை, கையால் குழைக்கும் எவரும் கவனத்தில் கொள்ள வேண்டும். தூள் ஒரு கரண்டி குறைந்து திரவம் ஒரு துளி கூடினாலே கிளாஸ் அயனோமரின் வலிமை இறங்கிவிடும். குழைத்தலில் வரும் பிழையைக் கிருமிநாசினியின் தலையில் போடுவதும் நடக்கிறது என்றே நினைக்கிறேன்.

போகாமலே கொல்லும் மருந்து

வெளியேறுவதுதான் கெடுக்கிறது என்றால், வெளியேற முடியாதபடி கட்டிவைத்தால் என்ன? இந்த எண்ணத்தில் 1990களில் இமசாற்றோ குழுவினரே ஒரு புதிய மூலக்கூறை உருவாக்கினார்கள். அதன் ஒரு முனை கொம்பொசிற்றின் சங்கிலியில் தானும் ஒரு கண்ணியாகச் சேர்ந்துகொள்ளும். மறுமுனை நேர் ஏற்றத்தோடு பற்றீரியாவின் வெளிப்படலத்தைக் குலைக்கும். இதனைத் தொட்டுக் கொல்லல் எனலாம். இது கசிவதில்லை, ஆகவே துளை விடுவதில்லை, வலிமைக்கும் பெரிய இடைஞ்சல் இல்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. தொட்டால்தான் கொல்லும் என்பதால், மேற்பரப்பை ஒட்டிய பற்றீரியாவுக்கு மட்டுமே இது யமன். அடைப்பு வாய்க்கு வந்த சில நிமிடங்களிலேயே உமிழ்நீரிலுள்ள புரதங்கள் அதன்மேல் மெல்லிய உறையாகப் படியும். அதன்மேல் இறந்த பற்றீரியாக்களும் படிந்தால், அடுத்து வருபவை அந்தச் சடலங்களின் மேல் பாதுகாப்பாகக் குடியிருக்கும்.

இங்கேயே ஆய்வுகூடத் தட்டைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பற்றீரியா வளர்ந்த ஊடகத்தின் மேல் அடைபொருளின் சிறு வட்டு ஒன்றை வைத்து, அதைச் சுற்றிப் பற்றீரியா இல்லாத தெளிந்த வளையம் எவ்வளவு அகலம் என்று அளப்பது வழக்கமான சோதனை. வளையம் அகலமாக இருந்தால் மருந்து நல்லது என்று படிப்பவர் எண்ணிக்கொள்கிறார். உண்மையில் அகன்ற வளையம் சொல்வது, மருந்து விரைவாக வெளியேறிப் பரவுகிறது என்பதையே. தொட்டுக் கொல்லும் பொருள் வளையமே காட்டாது. அதற்காக அது வேலை செய்யவில்லை என்று பொருளில்லை.

கசிபவை துளை விட்டுச் செல்கின்றன, காலப்போக்கில் தீர்ந்துபோகின்றன. கட்டுண்டவை தீருவதில்லை, ஆனால் மூடப்படுகின்றன. இந்த இரு வகைகளுக்கும் இடையிலான வேறுபாட்டை மனத்தில் வைத்தால் எஞ்சியவற்றைப் பின்தொடர்வது எளிது.

புல்மோட்டை மணலும் நுண்துகள்களும்

கிருமியைத் தடுக்கும் பொருள் வலிமையைக் கூட்டவும் கூடுமா? நமது மாவட்டத்தின் புல்மோட்டைக் கரையில் கறுப்பாகக் கிடக்கும் இல்மனைற் மணல், இரும்பும் தைற்றேனியமும் சேர்ந்த கனியம். அதிலிருந்து தைற்றேனியம் டையொட்சைட்டு பெறப்படும். இந்த டையொட்சைட்டின் மிக நுண்ணிய துகள்களை 3 சதவீதம் அளவில் கிளாஸ் அயனோமரில் சேர்த்தபோது, பற்றீரியாவும் தடுக்கப்பட்டது, வலிமையும் உயர்ந்தது என ஆய்வுகூட முடிவுகள் உள்ளன. சீமெந்துத் துகள்களுக்கிடையிலான வெளிகளைச் சிறு துகள்கள் நிரப்புவதே காரணம் எனப்படுகிறது. அளவு கூடினால் துகள்கள் ஒன்றோடொன்று திரண்டு கட்டிகளாகி, பழைய தேங்காய்ப்பூக் கதைக்கே வந்து சேரும். வெள்ளியின் நுண்துகள்களும் கிருமியை நன்றாக அடக்கும். ஆனால் நிறத்தைக் கருமையாக்கும் இயல்பு வெள்ளிக்கு உண்டு என்பதால் முன்பல்லில் அதை யாரும் விரும்பமாட்டார்கள்.

தட்டிலிருந்து வாய்க்கு

மேலே சொன்னவற்றில் பெரும்பகுதி ஆய்வுகூடத்தில் அளந்தவை. கிருமிநாசினி கலந்த கொம்பொசிற் அடைப்பு மனிதர் வாயில் சிதைவைக் குறைக்கிறதா என்று மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பின் மீளாய்வொன்று 2013 இல் தேடியபோது, கணக்கில் எடுக்கத் தகுதியான ஒரு மருத்துவப் பரிசோதனைகூட அதற்குக் கிடைக்கவில்லை. "இனிச் சூத்தை பிடிக்காது" என்று உறுதி சொல்வோர் இதை அறிந்திருப்பது நல்லது.

அப்படியானால் இவற்றால் பயனில்லையா? பல்லைப் பார்த்தே சொல்ல வேண்டும். 1980களின் நடுப்பகுதியில் தன்சானியாவில் ஒரு சிகிச்சை முறை உருவானது. மின்சாரத் துளைகருவி இல்லாமல், கைக்கருவிகளால் மட்டும் மென்மையான சிதைவைச் சுரண்டி எடுத்து, குழியைக் கிளாஸ் அயனோமரால் அடைப்பது அந்த முறை. ஊசியும் இரைச்சலும் இல்லாததால் சிறுவருக்கு ஏற்றது. மின்சாரமோ பெரிய இயந்திரமோ இல்லாத இடத்திலும் செய்யலாம். கையால் சுரண்டும்போது குழியின் அடியில் சில பற்றீரியாக்கள் எஞ்சவே செய்யும். முதற் சில நாட்களில் பெருமளவில் வெளியேறும் 1 சதவீதக் குளோர்ஹெக்சிடினுக்கு உரிய இடம் இதுதான்: எஞ்சிய பற்றீரியாக்களை ஆரம்பத்திலேயே அடக்கிவிட்டு அது ஓய்ந்துவிடலாம்.

ஆறு வயதுப் பிள்ளையின் பாற்கடைவாய்ப் பல் எப்படியும் பத்து, பன்னிரண்டு வயதுக்குள் விழுந்துவிடும். அந்த அடைப்பு நிற்க வேண்டியது நான்கு முதல் ஆறு ஆண்டுகள். அங்கே வலிமையில் ஏற்படும் சிறு இழப்பைப் பொறுத்துக்கொள்ளலாம். நாற்பது வயதுக்காரர் ஒருவரின் கடைவாயில், இரண்டு பற்கள் சந்திக்கும் பக்கச் சுவரையே கட்டியெழுப்ப வேண்டிய பெரிய அடைப்புக்கு அதே கலவையை வைத்தால், முதல் மீன் முள்ளிலேயே விளிம்பு போய்விடலாம். அவருக்குக் கலப்பில்லாத வலிய கொம்பொசிற்றும், அதன் விளிம்பை நாள்தோறும் தீட்டித் துப்புரவாக வைத்திருக்கும் புளோரைட்டுப் பற்பசையும் போதும்.